ஒன்றாகப் புறப்பட்ட விண்மீன்கள்: கொத்துகளை எப்படி ஆராய்கிறார்கள்?

தை பிறந்ததும் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் பழனிக்கு நடப்பவர்களின் வரிசை தொடங்கிவிடும். திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது ஒரே கூட்டம். ஆனால் அதற்குள் காவடிக் குழுவினரும் இருப்பார்கள், சந்தைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள், கரும்பனை நிழலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களும் இருப்பார்கள். இவர்களில் யார் யார் ஒரே ஊரிலிருந்து ஒரே நாளில் புறப்பட்ட குழு என்று அறிய வேண்டுமானால், அருகருகே தெரிகிறார்களா என்று பார்ப்பது போதாது. ஒரே திசையில், ஒரே வேகத்தில், விட்டுப் பிரியாமல் நடக்கிறார்களா என்று சற்று நேரம் கவனிக்க வேண்டும். விண்மீன் கொத்துகளை ஆராய்பவர்கள் செய்யும் முதல் வேலையும் ஏறத்தாழ இதுதான்.

ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, தமக்குள் உள்ள ஈர்ப்பு விசையால் கட்டுண்டு, ஒன்றாக நகரும் விண்மீன்களின் தொகுதியை விண்மீன் கொத்து என்கிறோம். ராசி உருவங்களும் நட்சத்திரக் கோலங்களும் இப்படிப்பட்டவை அல்ல. மிருகசீரிடமும் திருவாதிரையும் வானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், அவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகள் இடைவெளி உண்டு; ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு. நாம் பார்க்கும் கோணத்தால் மட்டுமே அவை ஒரு கோலத்தில் சேர்கின்றன. கொத்து என்பது பிறப்பால் அமைந்த உறவு.

நம் இருபத்தேழு நட்சத்திரங்களில் உண்மையான கொத்துகளும் உள்ளன. எல்லோருக்கும் தெரிந்தது கார்த்திகை. சங்கப் புலவர்கள் அதை அறுமீன் என்றார்கள். முருகனை வளர்த்த ஆறு பெண்களாகக் கதை அதைச் சொல்கிறது. அதே முருகனின் விழாவுக்குப் பெயர் தந்த பூசமும் கொத்தோடு தொடர்புடையதே. எங்கள் பகுதியில் ஒரே பள்ளியில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தைப்பூசம் என்பதை அடுத்த அறையின் மலையாள வகுப்புப் பிள்ளைகள் தைப்பூயம் என்பார்கள். இரண்டும் கடக ராசியிலுள்ள ஒரே மங்கலான ஒளித்திட்டைச் சுற்றியுள்ள மீன்களையே குறிக்கின்றன. 1610ஆம் ஆண்டு கலிலியோ தம் சிறு தொலைநோக்கியை அந்தத் திட்டின் பக்கம் திருப்பியபோது, அதற்குள் நாற்பதுக்கும் அதிகமான மீன்களைக் கண்டார். கார்த்திகையில் 36 மீன்களைப் படமாக வரைந்தார். இன்று கார்த்திகைக் கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பு மீன்கள் இருப்பதாக அறிகிறோம். தைப்பூசத்தன்று மட்டும் பூசக் கொத்தைப் பார்க்க முயல வேண்டாம்; முழுநிலவு அதன் அருகிலேயே நிற்பதால்தான் அந்த நாளுக்கே அப்பெயர், அந்த நிலவொளியில் கொத்து மறைந்துபோகும். இரண்டு வாரம் பொறுத்து, மாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பார்ப்பது நல்லது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். கார்த்திகை மீன்கள் அருகருகே தெரிவது தற்செயலாக இருக்கலாம் அல்லவா? 1767ஆம் ஆண்டு ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். வானத்தில் மீன்கள் தாறுமாறாகத் தூவப்பட்டிருந்தால், கார்த்திகையின் ஆறு பிரகாசமான மீன்கள் இவ்வளவு நெருக்கமாக விழ வாய்ப்பு எவ்வளவு? ஐந்து இலட்சத்தில் ஒன்று என்ற அளவுதான் என்று அவருக்கு விடை வந்தது. ஆகவே அவை ஒன்றோடொன்று தொடர்புடையவையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மீன்களின் தொலைவை யாரும் அளந்திராத காலம் அது. தொலைநோக்கியைவிடக் கணக்கு அதிக தூரம் பார்த்த தருணங்களில் ஒன்றாகவே இதை நான் மதிக்கிறேன்.

மிச்செலின் கணக்கு, கூட்டம் உண்மையானது என்று சொல்லுமே தவிர, அதில் யார் உறுப்பினர், யார் வழிப்போக்கர் என்று சொல்லாது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மார்கழி இரவில் கார்த்திகைக்குக் கிழக்கே ஆங்கில வி எழுத்தைப் போலக் கிடக்கும் மீன்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அந்தச் செவப்பு மீனுதான் கூட்டத்துக்குத் தலைவர், இல்லையா சார்?” என்று கேட்டாள். அவள் காட்டியது ரோகிணியை. கேள்வி நியாயமானது, விடைதான் எதிர்பாராதது. அந்த வி வடிவம் ஹயாடிஸ் எனப்படும் கொத்து. அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 153 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. ரோகிணியோ சுமார் 65 ஒளியாண்டில் இருக்கிறது, அதாவது பாதி வழியில் நிற்கிறது. கொத்து நம்மை விட்டு விநாடிக்கு சுமார் 39 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. ரோகிணி 54 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவரைக் காவடிக் குழுவின் தலைவர் என்று நினைத்த கதைதான் இது.

இந்த வேகங்கள் எப்படித் தெரிந்தன? மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் சில கருங்கோடுகள் இருக்கும். மீன் நம்மை விட்டு விலகினால் அக்கோடுகள் சிவப்புப் பக்கமும், நெருங்கினால் நீலப் பக்கமும் சற்று நகர்ந்து நிற்கும். அந்த நகர்வு நம்மை நோக்கிய அல்லது நம்மை விட்டு விலகும் வேகத்தைத் தருகிறது. குறுக்குவாட்டில் நகர்வதை அறிய, பல ஆண்டு இடைவெளியில் மீனின் இடத்தை வானத்தில் துல்லியமாகக் குறித்து ஒப்பிட வேண்டும். இதைச் சொந்த இயக்கம் என்பார்கள். கார்த்திகை மீன்கள் முழுநிலவின் அகலம் அளவுக்கு வானத்தில் நகர்வதற்கு ஏறக்குறைய 36,000 ஆண்டுகள் பிடிக்கும். அவ்வளவு சிறிய நகர்வை ஒரு மனித ஆயுளுக்குள் அளந்து, ஒரே திசையில் ஒரே வேகத்தில் செல்பவற்றைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பரில் ஏவிய கையா விண்கலம் 200 கோடிக்கு நெருக்கமான மீன்களுக்கு இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறது. அதன் தரவுகளைக் கணினியில் சலித்து, இதற்குமுன் யார் கண்ணிலும் படாத நூற்றுக்கணக்கான கொத்துகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். சில பழைய கொத்துகள் பட்டியலிலிருந்து நீக்கவும்பட்டன. நெருங்கி ஆராய்ந்ததில் அவை வெறும் தற்செயல் கூட்டங்கள் என்று தெரிந்தது.

உறுப்பினர்கள் தெரிந்த பிறகு தொலைவு தெரிய வேண்டும். பாலக்காட்டுச் சமவெளியில் பஸ்ஸில் போகும்போது பக்கத்துப் பனைமரங்கள் வேகமாகப் பின்னோக்கி ஓடும். நெல்லியாம்பதி மலை நகராமல் நிற்பது போலத் தோன்றும். நாம் நகரும்போது அருகிலுள்ள பொருள் அதிகமாகவும் தொலைவிலுள்ள பொருள் குறைவாகவும் இடம் மாறித் தோன்றும் இந்த விளைவே இடமாறு தோற்றம். பூமி சூரியனைச் சுற்றுவதே நம் பஸ் பயணம். ஒரு பாகையை 3,600 கூறாக்கி, அதில் ஒரு கூற்றை மேலும் 135 கூறாக்கினால் வரும் கோணமே கார்த்திகையின் இடமாறு தோற்றம். அந்தக் கோணம் ஒரு காலத்தில் பெரிய சச்சரவுக்குக் காரணமாயிற்று. கையாவுக்கு முன்னோடியான ஹிப்பார்க்கோஸ் விண்கலத்தின் 1997ஆம் ஆண்டு அளவீடு கார்த்திகை சுமார் 390 ஒளியாண்டு தொலைவில் இருப்பதாகச் சொன்னது. மற்ற முறைகளோ 430 ஒளியாண்டுக்கு மேல் என்று பிடிவாதமாகச் சொல்லிவந்தன. பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டுக்காக ஏன் சண்டை என்று தோன்றலாம். தொலைவு தவறினால் மீன்களின் உண்மையான பிரகாசம் தவறும், பிரகாசம் தவறினால் விண்மீன்கள் எப்படி எரிகின்றன என்ற கோட்பாடே தவறாகிவிடும் என்பதால்தான் அந்தச் சண்டை. 2014இல் வானலைத் தொலைநோக்கிகளை ஒன்றிணைத்துச் செய்த அளவீடும், பின்னர் கையாவும் ஏறத்தாழ 440 ஒளியாண்டு என்று உறுதிப்படுத்தின. ஹிப்பார்க்கோஸ்தான் இந்தக் கொத்தின் விஷயத்தில் சறுக்கியிருந்தது.

கொத்துகளை ஏன் இவ்வளவு அக்கறையோடு ஆராய்கிறார்கள் என்பதற்கான காரணம் இங்கேதான் வருகிறது. தனியாக நிற்கும் ஒரு விண்மீனைப் பார்த்து அதன் வயதைச் சொல்வது மிகக் கடினம். சூரியனின் வயதுகூட, 460 கோடி ஆண்டு என்பது, விண்கற்களை ஆராய்ந்துதான் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு கொத்தில் எல்லா மீன்களுக்கும் வயது ஒன்று, தொலைவு ஒன்று, பிறந்த மூலப்பொருளும் ஒன்று. வேறுபடுவது பெரும்பாலும் நிறை மட்டும்தான். ஒரே நாளில், ஒரே வயலில், ஒரே உரம் போட்டு விதைத்த பயிரில் வளர்ச்சி வேறுபாடு தெரிந்தால் காரணத்தை விதையில் தேடலாம் அல்லவா? இயற்கையே நமக்காக நடத்திவைத்திருக்கும் அப்படிப்பட்ட சோதனை வயல்தான் கொத்து.

அந்தச் சோதனையின் முடிவைப் படிக்கப் பயன்படும் கருவி மிக எளிய ஒரு வரைபடம். கிடைக்கோட்டில் மீனின் நிறம், இடப்பக்கம் நீலத்தில் தொடங்கி வலப்பக்கம் சிவப்பில் முடியுமாறு; செங்குத்துக்கோட்டில் அதன் பிரகாசம். நீல நிறம் அதிக வெப்பத்தையும் சிவப்பு நிறம் குறைந்த வெப்பத்தையும் காட்டும். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பின் வெளுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. டென்மார்க்கைச் சேர்ந்த எய்னார் ஹெர்ட்ஸ்ப்ரங் 1911ஆம் ஆண்டு கார்த்திகைக்கும் ஹயாடிஸ் கொத்துக்கும் இப்படிப்பட்ட வரைபடங்களை வெளியிட்டார். அமெரிக்காவின் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் 1913இல் தனித்த மீன்களுக்கு அதைச் செய்து காட்டினார். புள்ளிகள் தாள் முழுவதும் சிதறவில்லை. மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் வரை சரிந்து இறங்கும் ஒரு பட்டையில் பெரும்பாலானவை நெருக்கமாக உட்கார்ந்தன. அதற்கு முதன்மைத் தொடர் என்று பெயர். தம் மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றி ஒளிரும் மீன்கள் இந்தப் பட்டையில் இருக்கும். மேல்முனையில் நிறை மிகுந்த நீல மீன்கள், கீழ்முனையில் நிறை குறைந்த சிவப்பு மீன்கள்.

நிறை கூடினால் எரிபொருளும் கூடும், ஆகவே ஆயுளும் கூடும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மை நேர்மாறானது. சூரியனைப் போலப் பத்து மடங்கு நிறையுள்ள மீன் சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாக எரிகிறது. இருப்பு பத்து மடங்கு, செலவு மூவாயிரம் மடங்கு என்றால் அந்தக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? சூரியன் முதன்மைத் தொடரில் சுமார் 1,000 கோடி ஆண்டு இருக்கும். அந்தப் பெரிய மீன் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுக்குள் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். சூரியனில் பாதி நிறையுள்ள சிக்கன மீனோ பல ஆயிரம் கோடி ஆண்டுகள் எரியும்.

ஆகவே ஒரு கொத்துக்கு வயது ஏற ஏற, அதன் வரைபடத்தில் முதன்மைத் தொடர் மேலிருந்து கீழாகத் தேய்ந்துகொண்டே வரும். முதலில் மேல்முனை நீல மீன்கள் வெளியேறி வலப்பக்கம் திரும்பிச் சிவப்புப் பெருமீன்களாக வீங்கும், பிறகு அவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளவை, பிறகு அவற்றுக்கும் அடுத்தவை. தொடர் எந்த இடத்தில் வளைந்து திரும்புகிறதோ அதைத் திரும்புமுனை என்கிறார்கள். அந்த முனையில் நிற்கும் மீனின் ஆயுள் எவ்வளவோ அதுவே கொத்தின் வயது. மெழுகுவத்தி எவ்வளவு உருகியிருக்கிறது என்று பார்த்து, ஏற்றி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்வதைப் போன்றது இது.

கார்த்திகையின் பிரகாசமான மீன்கள் எல்லாம் இன்னும் நீலமாகவே இருக்கின்றன. பைனாகுலரில் பார்த்தாலே அந்த நீலம் தெரியும். அதன் வயது 10 முதல் 13 கோடி ஆண்டு வரை என்று கணிக்கிறார்கள். பூமியில் டைனோசர்கள் உலவிய காலத்தில் பிறந்த குழந்தைகள் அவை. ஹயாடிஸ் கொத்தில் நான்கு ஆரஞ்சு நிறப் பெருமீன்கள் வந்துவிட்டன. வயது சுமார் 65 கோடி. பூசக் கொத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். இரண்டும் செல்லும் திசையும் ஒத்துப்போவதால் ஒரே பெரிய மேகத்தில் பிறந்தவையாக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. அதே கடக ராசியில் மெஸ்ஸியர் 67 என்ற இன்னொரு கொத்து உள்ளது; சுமார் 400 கோடி ஆண்டு வயதானது. சூரியனுக்கு ஒத்த வயதும் ஒத்த வேதிக் கலவையும் கொண்ட மீன்கள் அங்கே பல இருப்பதால், சூரியனின் சாடையை அறிய விரும்புகிறவர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் திறந்த கொத்துகள். சில பத்து முதல் சில ஆயிரம் வரை மீன்கள், ஒழுங்கான உருவமில்லாத பரவல், பால்வீதியின் தட்டையான வட்டில் இருப்பிடம் ஆகியவை அவற்றின் அடையாளம். இன்னொரு வகை கோளக் கொத்து. பல பத்தாயிரம் முதல் பத்து இலட்சம் வரை, சிலவற்றில் அதற்கும் மேல், மீன்கள் ஒரு பந்தாக மையத்தை நோக்கி நெருங்கித் திரண்டிருக்கும். நம் பால்வீதியில் இப்படி 150க்கும் மேற்பட்டவை தெரியும். அவை வட்டுக்கு மேலும் கீழும் எல்லாத் திசையிலும் சுற்றுகின்றன. கேட்டை நட்சத்திரத்தை, மலையாளத்தில் திருக்கேட்டையை, அறிந்தவர்கள் அதற்கு மேற்கே ஏறத்தாழ இரண்டரை நிலவு அகலம் தள்ளி மெஸ்ஸியர் 4 என்ற கோளக் கொத்தைப் பைனாகுலரில் பஞ்சுத் துணுக்கைப் போலக் காணலாம். ஏறத்தாழ 6,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள அது நமக்கு மிக அருகிலுள்ள கோளக் கொத்துகளில் ஒன்று.

கோளக் கொத்துகளின் வரைபடத்தில் திரும்புமுனை மிகத் தாழ்ந்து, சூரியனைவிட நிறை குறைந்த மீன்கள் வரை வந்துவிட்டது. வயது 1,200 கோடி ஆண்டை ஒட்டி வருகிறது. 1990களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கு சில கொத்துகளுக்கு 1,500 கோடிக்கு மேலும் போயிற்று. அண்டம் விரிவடையும் வேகத்திலிருந்து கணக்கிட்ட அண்டத்தின் வயதோ அதைவிடக் குறைவாக வந்தது. தாயைவிட மகளுக்கு வயது கூடிவிட்ட இந்தச் சங்கடம், கொத்துகளின் தொலைவுகள் திருத்தப்பட்டதாலும், அண்டத்தின் விரிவு முடுக்கம் பெறுகிறது என்று 1998இல் தெரியவந்ததாலும் தீர்ந்தது. இன்று அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. வயதை வேறொரு வழியிலும் சரிபார்க்கலாம். எரிந்து முடிந்த மீன்கள் விட்டுச்செல்லும் வெண்குறு மீன்கள் புதிதாக வெப்பம் உண்டாக்குவதில்லை, ஆறிக்கொண்டே போகின்றன. அடுப்புத் தணலைத் தொட்டுப் பார்த்து எப்போது அணைத்தார்கள் என்று சொல்வதைப் போல, மெஸ்ஸியர் 4இன் மிக மங்கலான வெண்குறு மீன்களை ஹபிள் தொலைநோக்கியால் படம்பிடித்து, கொத்தின் வயது 1,270 கோடி ஆண்டு என்று 2002இல் கணித்தார்கள்.

இப்போது அமைப்புக்கு வருவோம். கொத்து ஒரு கட்டடத்தைப் போல நிலையாக நிற்பதன்று. உள்ளே ஒவ்வொரு மீனும் ஓடிக்கொண்டேயிருக்கிறது. இரண்டு மீன்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது அவற்றின் இயக்க ஆற்றல் பரிமாறப்படுகிறது. இந்தப் பரிமாற்றத்தில் கனமான மீன் வேகத்தை இழந்து மையத்தை நோக்கி இறங்கும். இலேசான மீன் வேகம் பெற்று விளிம்புக்கு ஏறும். முறத்தில் புடைக்கும்போது பதர் ஓரத்துக்குப் பறந்து மணி உள்ளே தங்குவதை இது நினைவூட்டும். ஆனால் ஒப்புமையை அதற்குமேல் இழுக்கக் கூடாது, ஏனெனில் இங்கே காற்றும் இல்லை, புடைக்கும் கையும் இல்லை. எல்லாம் ஈர்ப்பு ஒன்றின் வேலை. கார்த்திகையிலும் பூசக் கொத்திலும் நிறை மிகுந்த மீன்கள் நடுவில் செறிந்திருப்பதை எண்ணிப் பார்த்தே உறுதிசெய்திருக்கிறார்கள். எண்ணும் முறை எளிது: மையத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சதுரப் பரப்புக்கு எத்தனை மீன் என்று கணக்கெடுப்பார்கள். அமெரிக்க வானியலாளர் ஐவன் கிங் 1962இல் இந்த எண்ணிக்கை மையத்திலிருந்து எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார். மீன்கள் செறிந்த உட்பகுதியின் ஆரம் ஒன்று, கொத்தின் ஈர்ப்பு தன் ஆட்சியை இழந்து பால்வீதியின் ஈர்ப்பு மேலோங்கும் எல்லை மற்றொன்று என இரண்டே அளவுகளால் ஒரு கொத்தின் உருவத்தைச் சொல்லிவிட முடிந்தது.

அந்த எல்லையைத் தாண்டிய மீன் கொத்துக்குச் சொந்தமில்லை. வேகம் பெற்ற இலேசான மீன்கள் ஒவ்வொன்றாக நழுவிப்போவதால் கொத்து மெல்ல மெல்லக் கரைகிறது. கையா தரவுகளைக் கொண்டு 2019இல் ஹயாடிஸ் கொத்துக்கு முன்னும் பின்னும் பல நூறு ஒளியாண்டு நீளத்துக்கு நழுவிய மீன்களின் வால்கள் நீண்டிருப்பதைக் கண்டார்கள். குழுவை விட்டு முன்னே போய்விட்டவர்களும் பின்தங்கிவிட்டவர்களும் அதே சாலையில்தான் இருப்பார்கள் அல்லவா? திறந்த கொத்துகள் பெரும்பாலும் சில கோடி முதல் சில நூறு கோடி ஆண்டுகளுக்குள் இப்படிக் கலைந்துவிடும். சூரியனும் ஒரு கொத்தில் பிறந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அந்தக் கொத்து கலைந்து நெடுங்காலமாகிவிட்டது. கோளக் கொத்துகளில் ஈர்ப்பின் பிடி வலுவாக இருப்பதால்தான் அவை அண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து தாக்குப்பிடித்திருக்கின்றன.

வரைபடத்தில் ஒரு முரண்டு உண்டு. 1953ஆம் ஆண்டு ஆலன் சாண்டேஜ் மெஸ்ஸியர் 3 என்ற கோளக் கொத்தை ஆராய்ந்தபோது, திரும்புமுனைக்கு மேலே, இருக்கவே கூடாத இடத்தில், சில நீல மீன்களைக் கண்டார். அவற்றோடு பிறந்தவை எப்போதோ சிவந்து முதிர்ந்துவிட்ட பிறகும் இவை மட்டும் இளமையோடு இருந்தன. நீலப் பின்தங்கிகள் என்று இவற்றைச் சொல்லலாம். ஒரு மீன் இளமையை எங்கிருந்து பெறும்? பக்கத்திலுள்ளதிடமிருந்துதான். இரட்டை மீன்களில் ஒன்று முதிர்ந்து வீங்கும்போது அதன் வெளிப்பொருளை மற்றொன்று இழுத்துக்கொள்ளலாம். அல்லது இரண்டு மீன்கள் மோதி ஒன்றாகிவிடலாம். பொருளை இழுத்துக்கொண்ட வழி உண்மையானால், பொருளை இழந்த மீனின் சூடான மிச்சம் அருகில் இருக்க வேண்டும். அது புறஊதாக் கதிரில்தான் தெளிவாகத் தெரியும், புறஊதாவை நம் வளிமண்டலம் மறைத்துவிடும். 2015 செப்டம்பரில் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட் விண்கலத்தின் புறஊதாத் தொலைநோக்கி, துருவ மீனுக்கு அருகிலுள்ள என்ஜிசி 188 என்ற முதிய திறந்த கொத்தில் ஒரு நீலப் பின்தங்கிக்கு அப்படிப்பட்ட வெப்பமிகு துணை இருப்பதைக் காட்டியது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் அன்னபூரணி சுப்பிரமணியம்; விண்மீன் கொத்துகளைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர், பின்னர் பெங்களூருவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானவர். அவர் படித்தது பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் என்பதை எங்கள் பிள்ளைகளிடம் நான் கூடுதல் அழுத்தத்தோடு சொல்வதுண்டு. எல்லைப்புறத்தில் படித்தால் எட்டாதது எதுவும் இல்லை என்று அவர்களுக்கு வேறு யாரைக் காட்டி நம்பவைப்பது?

கொத்துகள் தம்மைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. 1918ஆம் ஆண்டு ஹார்லோ ஷாப்லி கோளக் கொத்துகளின் தொலைவுகளைக் கணக்கிட்டு, அவை மூல நட்சத்திரத்தை அடுத்த தனுசு ராசிப் பகுதியை மையமாகக் கொண்டு பரவியிருப்பதைக் கண்டார். பால்வீதியின் மையம் அங்கே இருக்கிறது, சூரியன் மையத்தில் இல்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் மையத்தின் தொலைவை அவர் இன்றைய மதிப்பான சுமார் 26,000 ஒளியாண்டைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கணக்கிட்டார். காரணங்களில் ஒன்று 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் திறந்த கொத்துகளை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. வாளையாற்றுச் சாலையில் மூடுபனி நாளில் எதிரே வரும் லாரியின் விளக்குகள் மங்கலாகத் தெரிவதால் அது வெகு தூரத்தில் வருவதாக நினைப்போம். ஆனால் இரண்டு விளக்குகளுக்கும் இடைப்பட்ட அகலத்தைப் பார்த்தால் அருகில் வந்துவிட்டது தெரியும். டிரம்ப்ளர் பிரகாசத்தைக் கொண்டு ஒரு தொலைவும், தோற்ற அகலத்தைக் கொண்டு இன்னொரு தொலைவும் கணக்கிட்டார். தொலைவு கூடக்கூட இரண்டும் ஒத்துப்போகவில்லை. பிரகாசத்தை மட்டும் நம்பினால், தொலைவிலுள்ள கொத்துகள் எல்லாம் வேண்டுமென்றே பெரிதாகப் படைக்கப்பட்டவை என்று சொல்ல வேண்டியிருந்தது. மீன்களுக்கிடையே ஒளியை விழுங்கும் தூசி இருக்கிறது என்பதே அறிவுக்கு ஒத்த விடை. வெற்றிடம் என்று நினைத்தது வெற்றிடம் இல்லை என்று கொத்துகளே காட்டிக்கொடுத்தன.

நம் பால்வீதியின் கோளக் கொத்துகளில் மிகப் பெரியது ஒமேகா செண்டாரி. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில், சுமார் ஒரு கோடி மீன்களோடு, 150 ஒளியாண்டு அகலத்துக்குப் பரந்திருக்கிறது. சூரியனுக்கு அடுத்த மீன் நான்கு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. ஒமேகா செண்டாரியின் நடுவில் மீனுக்கும் மீனுக்கும் இடைவெளி சராசரியாக ஓர் ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு கொத்தில் எல்லா மீன்களும் ஒரே காலத்தில் பிறந்தவை என்று முன்பு சொன்ன விதியை இது மீறுகிறது. இதன் வரைபடத்தில் ஒரே தொடர் இல்லை, பல தொடர்கள் இணையாகச் செல்கின்றன. வேதிக் கலவை வேறுபட்ட பல தலைமுறைகள் உள்ளே இருக்கின்றன. பால்வீதி முன்னொரு காலத்தில் விழுங்கிய சிறு விண்மீன் மண்டலத்தின் மிஞ்சிய மையக்கரு இதுவாக இருக்கலாம் என்ற கருத்து அதனால்தான் எழுந்தது. 2024ஆம் ஆண்டு, ஹபிள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்த படங்களை ஒப்பிட்டு, இதன் மையத்தில் ஏழு மீன்கள் தப்பி ஓட வேண்டிய வேகத்தில் ஓடியும் தப்பாமல் இருப்பதைக் கண்டார்கள். அவற்றைப் பிடித்துவைத்திருப்பது குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை என்பது அவர்கள் முடிவு. சாலையோரத்தில் உட்கார்ந்து யார் எவ்வளவு வேகத்தில் போகிறார்கள் என்று பார்க்கும் அதே வேலைதான், சற்றுப் பொறுமையோடு செய்யப்பட்டது.

வடக்கே வெகு தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒமேகா செண்டாரி கிடைக்காது. பாலக்காட்டு அட்சரேகையில் அது தெற்கே 31 பாகைக்கு மேல் உயர்ந்து வரும், ஆகவே நெல்லியாம்பதி மலைகள் அதை மறைப்பதில்லை. மே மாத நடுவில் இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு, நிலவில்லாத நாளாகப் பார்த்து, கோயம்புத்தூர் வெளிச்சம் படாத தெற்குப் பக்கம் பைனாகுலரைத் திருப்பினால், மீனாகவும் இல்லாமல் மேகமாகவும் இல்லாமல் ஒரு வட்டத் திட்டு தெரியும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.